கழற்றாத வில்லை

"எங்கப்பா செத்த இடத்துல பேய்ப் படம் போட்ட கோப்பை விக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" லார்னா கோப்பையைக் கடைப் பலகையில் டங்கென்று வைத்தாள். அதில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது ஸ்டானின் ஆவி.

"கோவிச்சுக்காதீங்க. வில்காரா ஊரோட பொழப்பே இந்தப் பேயாலதான் ஓடுது," என்று இளித்தான் வழிகாட்டி டாரன். சுரங்கம் மூடி இருபது வருஷமான ஊரில் அது பொய்யில்லை. ஆனாலும் லார்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையிலிருந்தே இந்தக் கூத்துதான். மதுக்கடையில் ஸ்டான் உட்கார்ந்த நாற்காலி, தபாலாபீஸ் சுவரில் ஸ்டான் ஓவியம், மதியம் தின்ற கறி அடைத்த ரொட்டிக்குக்கூட ஸ்டான் பெயர். அவள் அப்பா ஜாக் பென்ரோசுக்கு நினைவுக் கல்லில் அரை வரி. அதிலும் ஈ மொய்த்தது.

"போயிடலாம்மா லார்னா, வெயில் தாங்கல," என்றார் கூட வந்த ஆல்பி. எண்பது வயது; அடிலெய்டில் அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் இருப்பவர், தூக்கத்தில் வில்காரா என்று புலம்புகிறவர். இந்த ஊர் வேண்டவே வேண்டாமென்று அழாத குறையாகச் சொன்னவரை விடாப்பிடியாகக் காரில் ஏற்றி வந்தவள் லார்னாதான்.

"சுரங்கத்த இன்னும் பாக்கலியே. வாங்க," என்று இழுத்துப் போனாள்.

வாசல் விட்டம் தாழ்வு. முன்னால் போன சுற்றுலாக்காரர் மூன்று பேர் ணங்கென்று இடித்துக்கொண்டார்கள். ஆல்பி யாரும் சொல்லாமலே குனிந்து நுழைந்தார்.

உள்ளே பலகை நிறைய ஆணிகள். ஒன்றில் மட்டும் ஒரு பித்தளை வில்லை.

"கீழ எறங்கறப்ப அவனவன் வில்லைய மாட்டணும், மேல வந்ததும் கழட்டணும். தொங்குச்சுன்னா ஆள் கீழ இருக்கான்னு அர்த்தம்," என்றான் டாரன். "அறுபத்தெட்டுல ஒருநாள் ஸ்டானோட வில்லை மட்டும் தொங்குச்சு. அத மறந்துட்டு வீட்டுக்குப் போற சுரங்கத்தாள் கிடையாது. தேட எறங்கின ரெண்டு பேர் மேல பாறை சரிஞ்சுது. மூணு பொணமும் கிடைக்கல. மத்தவங்க வில்லைய வீட்டாளுங்க வாங்கிட்டாங்க, ஸ்டானுக்கு யாருமில்ல. இன்னிக்கும் இதத் தேடி வர்றானாம்!"

கூட்டம் சிரித்தது. லார்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சிரிக்காதீங்க! அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் எங்கப்பா. எனக்கு அப்ப அஞ்சு வயசு. எங்கம்மா சாகற வரைக்கும் அவருக்கு ஒரு தட்டு சாப்பாடு மூடி வெச்சா. இன்னிக்கு உண்மை வெளிய வராம நான் இங்கேருந்து நகர மாட்டேன்!"

டாரன் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

ஆல்பி மட்டும் மெல்ல வாசல் பக்கம் நழுவினார். லார்னா எட்டி அவர் கையைப் பிடித்தாள். கொண்டுவந்து அந்த ஆணிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"வில்லையக் கழட்டு ஸ்டான், எங்கப்பா இன்னும் கீழ உன்னத் தேடிட்டிருக்காரு."