மாலை போட்ட படம்

சன்னிவேலில் பக்கத்து வீட்டு ஐலீனைப் பார்க்கப் போன கண்மணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்காட்லாந்தில் சீரியல், சினிமா என்று கொடிகட்டிப் பறந்த ஐலீனின் இளவயதுப் படத்துக்கு மாலை!

"ஐயோ ஆன்ட்டி, நாளைக்கு ஹார்ட் ஆபரேஷனை வச்சுக்கிட்டு... முதல்ல எடுங்க!"

"உன் மாமனார் படத்துக்குப் போட்டிருக்கியே?"

"அவர் இறந்துட்டார். உயிரோட இருக்கறவங்களுக்குப் போடக்கூடாது."

"தெரியும். இதுதான் ஐலீன். என்கூடப் பிறந்த இரட்டை. ஒரு படம் பாதியில இருக்கறப்போ செத்துட்டா. மீதியை நடிச்சுக் கொடுக்கப் போன நான், முப்பது வருஷமா அவளாவே இருந்துட்டேன். அவளுக்காக ஊரறிய அழக்கூட முடியலை."

கண்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப உங்க பேரு?"

"மோராக். நாளைக்கு மயக்க மருந்து கொடுக்கறதுக்குள்ள ஒரு தடவை கூப்பிடும்மா."

"மோராக் ஆன்ட்டி!"

யாரையோ கூப்பிடுகிறாள் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தவள், அப்புறம்தான் "ம்" என்றாள்.