போட்டுப் பார்க்க வந்தவள்

"பரானா ஆத்து மேல பாலம் கட்டினதுதான் மனுஷ குலம் செஞ்ச மிகப் பெரிய தப்பு," என்றான் டார்டோ, வாடிக்கையாளரின் பாதத்தைக் கையில் ஏந்தியபடி.

அவர் கட்டைவிரலை அசைத்துப் பார்த்தார். காலணி கச்சிதமாக இருந்தது. அளவைக் கேட்டுக்கொண்டார், நன்றி சொன்னார், பாலம் இருக்கும் திசையில் போய்விட்டார்.

அர்ஜென்டினாவின் போசாதாஸ் நகரத்தில் இப்போது எல்லாரும் அப்படித்தான். காலை நீட்டுவது டார்டோ வேலை பார்க்கும் கடையில். காசை நீட்டுவது அக்கரையில், பராகுவாயின் என்கார்னசியோனில். அங்கே அதே ஜோடி பாதி விலை.

இங்கே மட்டும் ஏன் இந்த விலை என்று கேட்டால் முதலாளி வரி என்பார், டாலர் என்பார், அழுத்திக் கேட்டால் வானத்தைக் காட்டுவார். பன்னிரண்டு தவணையில் கட்டலாமே என்பார். ஆறாவது தவணைக்குள் அடி தேய்ந்துவிடும். மீதியை அதன் நினைவாகக் கட்ட வேண்டியதுதான்.

டார்டோவே அந்தக் கடையில் ஒரு ஜோடிகூட வாங்கியதில்லை. அது வேறு விஷயம். பாலத்தை அவன் மிதித்ததில்லை, அதுதான் முக்கியம்.

"வரி கட்டாம கொண்டுவர சட்டை மேல சட்டை, அது மேல இன்னொரு சட்டை. சுங்கக்காரன் முன்னாடி வேர்த்து ஒழுகிக்கிட்டு நிக்கறதெல்லாம் ஒரு பொழப்பாக்கா?" என்பான், கல்லாவில் இருக்கும் சுல்மாவிடம்.

சுல்மா தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைப் பானத்தை ஒரு இழுப்பு உறிஞ்சுவாள். "நான் போட்டிருக்கறதே அக்கரைச் சட்டைதான்டா. உள்ள இன்னொண்ணும் இருக்கு."

வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும் அவனுடைய நாட்டுப்பற்று சற்றுத் தளரும்.

அன்றுதான் அனாயி வருவாள். பெயர்கூட அவள் கைப்பேசியில் பேசும்போது காதில் விழுந்ததுதான்.

அவள் கேட்பது எப்போதும் ஒரே ஜோடி: கரும்பச்சை நிறம், பட்டை வைத்தது, குதிகால் உயர்ந்தது. அளவு முப்பத்தேழு. வலது பாதம் ஒரு நூல் அகலம் என்பதால் பட்டையை ஒரு துளை தளர்த்திவிட வேண்டும். அவள் கண்ணாடி வரை நடப்பாள். திரும்பி நடப்பாள். அந்தத் தரையை அதற்காகவே போட்டிருந்த மாதிரி இருக்கும்.

பிறகு விலையைக் கேட்பாள். அது போன வாரத்தைவிட ஏறியிருக்கும். அதைச் சொல்லும்போது டார்டோவின் குரல் இறங்கியிருக்கும்.

"இந்த விலைக்கு இதுதான் என்னைத் தூக்கிட்டு நடக்கணும்," என்று ஒருநாள் சிரித்தாள். டார்டோ அந்தச் சிரிப்பை அடுத்த வெள்ளி வரை வைத்துக்கொண்டான்.

கோடையில் தொடங்கியது. குளிர்காலம் வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, காலையிலிருந்து ஒரு ஜோடியும் விற்காமல் முதலாளி குதித்துவிட்டுப் போயிருந்த நேரத்தில் அவள் வந்தாள். டார்டோ பட்டையை மாட்டிவிட்டான். நிமிராமலே சொன்னான்:

"இதே ஜோடி அக்கரைல பாதி விலைங்க. அளவுதான் தெரிஞ்சுபோச்சே, போய் வாங்கிக்கலாமே?"

வேடிக்கையாகத்தான் தொடங்கினான். வாயைவிட்டு வெளியே வந்தபோது அது வேறாக இருந்தது.

அனாயி பட்டையைத் தானே கழற்றினாள். ஜோடியைத் தாளில் சுற்றி, பெட்டிக்குள் ஒழுங்காக வைத்து மூடினாள். நன்றி என்றாள். போய்விட்டாள்.

அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளி, டார்டோ தரையைத் துடைத்தான், துடைத்த தரையையே மறுபடி துடைத்தான். கடை சாத்தும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

"அக்கரைல வாங்கியிருப்பா," என்றான், யாரும் கேட்காமலே. "அவளும் அந்தக் கூட்டம்தான்."

சுல்மா குவளையைக் கீழே வைத்தாள்.

"அவ அவுத்து வெக்கற செருப்பை என்னிக்காவது பாத்தியாடா நீ? கோடையிலயும் அந்தத் தேஞ்ச செருப்புதான், போன மாசமும் அந்தத் தேஞ்ச செருப்புதான். எங்கயும் வாங்கல அவ." கல்லாவைப் பூட்டினாள். "ஒரே அளவை வாராவாரம் எதுக்குடா ஒருத்தி வந்து போட்டுப் பாப்பா, மடையா?"

டார்டோ எத்தனையோ பாதங்களைப் பார்த்தவன். ஓரமாகக் கழற்றி வைத்த செருப்பைப் பார்ப்பது அவன் வேலையில் இல்லை.

அவள் எங்கே வேலை பார்க்கிறாள், எந்தத் தெருவில் இருக்கிறாள், ஒன்றும் தெரியாது. அவளை எங்கேயாவது போகச் சொன்னான் என்றால், அது ஒரே ஒரு இடத்துக்குத்தான்.

சனிக்கிழமை மதியம் பாலத்தில் வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. பேருந்தில் டார்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆறு அவன் நினைத்ததைவிட அகலமாக இருந்தது.

அக்கரையில் தெருத்தெருவாகப் பார்த்தான். கரும்பச்சை ஜோடியை முகப்பில் வைத்திருந்தது ஒரே ஒரு கடை. வாசலுக்கு நேரெதிரான இருக்கையில் போய் உட்கார்ந்து, காலை நீட்டினான்.

மூன்றாவது சனிக்கிழமையும் அதே இருக்கை. கடைக்கார இளைஞன் மண்டியிட்டான். கறுப்புக் காலணி ஒன்றை மாட்டி, கயிற்றை இறுக்கி, நிமிர்ந்து பார்த்தான்.

"மூணு வாரமா இதையேதான் போட்டுப் பாக்கறீங்கண்ணே. பிடிச்சிருக்கா, இல்லையா?"

"பிடிச்சிருக்கு தம்பி," என்றான் டார்டோ. "இன்னொரு தடவை நடந்து பாத்துடறேன்."

கண்ணாடி வரை நடந்தான். வாசல் கண்ணில் படும்படி, மெதுவாகத் திரும்பி நடந்தான்.