கீறல் விழுந்த முகம்

"மாமா, படத்துல கீறலைத் துடைச்சா அதுல இருக்கிறவங்களுக்கு வலிக்காதா?" என்று அக்கா மகள் ஒருமுறை கேட்டாள். நான் சிரித்துவிட்டேன்.

ஆண்களை நேசித்த ஆண்கள் ஒரு வாடகை அறையில் கூடிப் பேசும் பழைய ஆவணப்படத்தைக் கணினியில் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் முகத்தில் மட்டும் பிரேமுக்குப் பிரேம் கீறல். மூன்று நாள் துடைத்தேன். ஒவ்வொரு முறையும் மறுநாள் காலையில் அது திரும்பியிருந்தது.

குழம்பிப்போய்ப் படத்தின் இயக்குநரை அழைத்து, அந்த முகம் யாருடையது என்று கேட்டேன்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிடும், முகத்த மறைச்சிடுங்கன்னு கெஞ்சினான்ப்பா. சரின்னேன். பட அவசரத்துல மறந்தே போச்சு."

"அப்போ கீறினது யாரு சார்?"

"கீறலா? எங்கிட்ட இருக்கிற பிரதியில முகம் பளிச்சுன்னு தெரியுதே!"

ஒருவர் மறந்த வாக்கை இன்னொருவர் காப்பாற்றினால் தப்பில்லை என்று தோன்றியது. மதியம் கதவைச் சாத்திக்கொண்டு அந்த முகத்தைப் பிரேம் பிரேமாக மங்கலாக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கீறல் வரவில்லை.