வெள்ளை முட்டை

காலை ஆறு மணிக்கு நான்கு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள் செம்மூக்கி என்னும் ஆள்காட்டிக் குருவி. ராக்கெட் ஏவுதளத்தின் வேலிக்குள் இருந்த சரளைத் தரை அது. நாய் வராது, ஆடு மிதிக்காது என்று தேடிப் பிடித்த இடம்.

தூரத்தில் அபாயச் சங்கு ஊதியது. கொடுக்கன் என்ற நண்டு வளையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"அக்கா, காவல்காரனே ஓடுறான். நீயும் கிளம்பு."

"போடா பயந்தாங்கொள்ளி. அங்க கத்துறது ஏதோ ஒரு தாய்ப் பறவை. முட்டைக்குப் பக்கத்தில நின்னு எவளாவது கத்துவாளா? தள்ளிப் போய் நின்னு கத்தி, வர்றவனைத் திசை திருப்பணும். நானும் அப்படித்தான் செய்வேன். அதோ வெள்ளையா நிக்குதே, அதுதான் அவ முட்டை. நாம அதைத் தொடப் போறதில்லையே."

"அவ்வளவு நீள முட்டையா?"

"பெத்தவளுக்கே கவலையில்லை. உனக்கென்ன?"

கொடுக்கன் கடலைப் பார்த்து ஓடினான். சற்று நேரத்தில் வெள்ளை முட்டையின் அடியில் நெருப்பு கிளம்பியது. செம்மூக்கி இறக்கை கருகப் பறந்து தப்பினாள். நான்கு முட்டைகளும் சரளையிலேயே வெந்தன.

ஜூன் 12 அன்று சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை வெளியானது. ஏவுதளத்தைச் சுற்றிப் பறவைக் கூடு எதுவும் காணப்படாததால் பறவைகளுக்குப் பாதிப்பு இல்லை என்று அதில் எழுதியிருந்தது.