ஆறாவது சைக்கிள்

இன்னும் பத்து மிதி, அதற்கு மேல் இந்தக் கால்கள் என் பேச்சைக் கேட்காது என்று நினைத்துக்கொண்டாள் கிரேஸ்.

பெரியபாளையம் தாண்டினால் திங்கட்கிழமைதோறும் இப்படித்தான். திருப்பாச்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைக்கு, வார வேலைக்காக, ஆறு சைக்கிள்கள் வரிசையாகப் போகும். யாராவது சோர்ந்தால், பின்னால் வருபவர் பக்கத்தில் வந்து, ஒரு கையை முதுகில் வைத்துத் தள்ளிக்கொண்டே மிதிப்பார். புதிதாகச் சேர்ந்தவர் கடைசியில் வருவது வழக்கம். கிரேஸ் ஆறாவது. அவளைத் தள்ள ஆளில்லை. எட்டு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த வார வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

அன்று தெம்புக்காக வாயில் போட்ட வெல்லம் கரைந்த பிறகும் கண் இருட்டியது. கால்கள் நின்றுவிட்டன.

அப்போது முதுகில் ஒரு உள்ளங்கை பதிந்தது. இளஞ்சூடாக இருந்தது. ஏரிக்கரை மேட்டில் சைக்கிள் சரிவில் இறங்குவதுபோல் ஏறியது. முன்னால் போன முதுகுகளை எண்ணினாள். ஐந்தும் இருந்தன. பக்கத்து வயலில் அவள் நிழல் மட்டும் ஓடிவந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை. தேவாலயத்தில் நிற்பதுபோல் நெஞ்சு நிறைந்து, கண்ணீர் வந்தது.

ஆலை வாசலில் ஐந்தாவதாக வந்த ஜெயராஜ் மூச்சிரைக்க இறங்கினான்.

"இன்னா கிரேசு, உனுக்கு மூச்சே வாங்கல? வெல்லத்துல மோட்டாரு வெச்சிருக்கியா?"

அவள் சிரித்தாள்.

"வெளையாட்டில்ல. அடுத்த வாரம் நீ எனுக்கு முன்னாடி போ. நான் தள்ளிக்கினு வரேன். கடைசில உயுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?"

"வேணாண்ணா," என்றாள் மெதுவாக. "நான் கடைசிலயே வரேன்."