முதலில் வரும் பெயர்

பம்பு செட் விற்கும் நாச்சிமுத்து, யாரோ புதுப்பிக்காமல் விட்ட பழைய இணையதளப் பெயர் ஒன்றை வாங்கினார். பலர் நம்பிய பழைய பெயர் என்றால் தேடலில் தானாக மேலே வரும் என்று வெப்சைட் போட்டுத் தந்தவர் சொல்லியிருந்தார். அப்படியே வந்தது. முதல் அழைப்பும் வந்தது.

“மரத்துல இருந்து அணில் குட்டி விழுந்துருச்சுங்க. கண்ணே தொறக்கல. என்ன குடுக்கறதுங்க?” என்றாள் ஒரு பெண்.

“இது பம்பு கடைங்க.”

“தேடுனா உங்க பேருதானுங்க மொதல்ல வருது.”

அடிபட்ட சிற்றுயிர்களைக் காப்பாற்றிய யாரோ ஒருவருடைய இணையதளத்தின் பெயர் அது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கால்நடை டாக்டரிடம் கேட்டுச் சொன்னார். அடுத்து கிளிக்குக் கேட்டார்கள், ஆந்தைக்குக் கேட்டார்கள். பம்பை ஒருவரும் கேட்கவில்லை. பெயரை மாற்றிவிடலாம் என்றார் வெப்சைட்காரர்.

“இருக்கட்டும் விடுங்க.”

ஆடிக் காற்றில் கடை வாசல் வேம்பு பேயாட்டம் ஆடிய ஒரு மாலை, ஐந்து எச்பி மோட்டார் என்ன விலை என்று ஒருவர் அழைத்தார். நாச்சிமுத்துவின் போன் பிடிக்காத உள்ளங்கையில், வேம்படியில் விழுந்து கிடந்ததைப் பொதிந்த துணிச் சுருள் ஒன்று லேசாக அசைந்தது.

“ஒரு நிமிஷம் இருங்க,” என்றார் குரலைத் தாழ்த்தி. “இப்பத்தான் வாயத் தொறக்குது.”