பங்களாக் கிளியின் சாரி

மைனாவின் இரண்டு முட்டைகளில் ஒன்று உடைந்துபோனது. போன வாரம் பங்களாக் கூண்டிலிருந்து தப்பி வந்த கிளி, காலிப் பொந்து என்று நினைத்து அவசரமாகப் புகுந்ததில் வந்த வினை.

"சாரி" என்றது கிளி.

"என் பழத்தைப் பிடுங்கினப்பவும் சாரி. கூப்பிட்டது காதுல விழலைன்னாலும் சாரி. ஒத்தாசை கேட்டா, முடியாதுங்கறதுக்கும் சாரி. இப்ப இதுக்கும் அதேதானாடி?" என்று கத்திவிட்டு, மைனா எதிர்க்கிளையில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

பங்களாவில் எல்லாவற்றுக்கும் அந்தப் பழைய இங்கிலீஷ் வார்த்தைதான். வருத்தத்தைச் சொல்லக் கிளிக்கு வேறு வார்த்தை தெரியாது.

மிச்சமிருந்த முட்டையைத் தேடிக் காகம் வந்தது. பொந்து வாசலை உடம்பால் அடைத்து, கொத்து வாங்கியும் நகராமல், வாயே திறக்காமல் அதைக் காப்பாற்றியது அந்தக் கிளிதான்.